ஈரலைப் பிடித்திருந்த கை

வேலாயுதத்துக்கு அவருடைய தங்கை செண்பகம் பாதி ஈரலைக் கொடுத்திருந்தாள். அதற்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியைத் தைத்தவர் டாக்டர் ஆரோக்கியசாமி. மற்ற ஆபரேஷன்களில் கை தேர்ந்தவர்தான். இந்த வேலையைக் கற்றுக்கொள்ளத் தன்னைவிட இளையவரான டாக்டர் பூரணியிடம் வந்து சேர்ந்திருந்தார். அன்று தியேட்டரில் எல்லோரும் அந்தத் தையலைப் புகழ்ந்தார்கள். மனிதர் உச்சி குளிர்ந்துபோனார்.

மூன்றாம் நாள் ஸ்கேனில் அந்தத் தமனியில் ரத்த ஓட்டமே இல்லை.

மறுபடியும் வயிற்றைத் திறந்தார்கள். அடைத்திருந்த ரத்தக்கட்டியைப் பூரணி எடுத்தார். ஈரல் இன்னும் சாகவில்லை; அதுவரைக்கும் நிம்மதி. ஆரோக்கியசாமிக்கு நின்றபடியே தூங்கிவிடலாம் போல் இருந்தது. அவமானம்தான் தூங்கவிடவில்லை.

“என் தையல்ல என்ன தப்பு மேடம்?”

“ஒண்ணுமில்ல. நல்ல தையல்.”

“அப்புறம் ஏன் அடைச்சுது?”

தமனி நன்றாகத் தெரியட்டும் என்று ஈரலைத் தூக்கிப் பிடித்திருந்த உதவி டாக்டரைப் பூரணி பார்த்தார்.

“கையை எடும்மா.”

கை விலகியது. ஈரல் மெல்ல இறங்கித் தன் இடத்தில் படுத்தது. தமனி மடங்கியது. இழுபட்டுவிடக் கூடாதே என்று ஆரோக்கியசாமி அன்று கூடுதலாக விட்ட நீளம்தான் மடங்கியது. செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் மடங்கி அடைத்துக்கொள்ளுமே, அப்படி.

அவர் குனிந்து அந்த மடிப்பைப் பார்த்தார்.

“வெட்டுங்க டாக்டர்.”

“நானா?”

“உங்க தையல்தானே.”

அத்தனை பேர் புகழ்ந்த தையலை அவரே வெட்டினார். அதிகப்படி நீளத்தை நறுக்கிவிட்டு மறுபடி தைத்தார். கண் எரிந்தது. இந்த முறை யாரும் எதுவும் சொல்லவில்லை. தைத்து முடித்ததும் அவரே, “கையை எடும்மா” என்றார்.

ஈரல் படுத்தது. தமனி மடங்காமல் துடித்தது.

வெளியே செண்பகம் சக்கர நாற்காலியில், தன் வயிற்றுக் கட்டைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

“நான் குடுத்தது கெட்டுப்போச்சுங்களா டாக்டர்?”

“இல்லம்மா. நீ குடுத்தது நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னோடது. சரி பண்ணிட்டோம்.”

அவள் அழுதாள். அவருக்கும் அழ வேண்டும் போலிருந்தது, அதற்குக்கூடத் தெம்பில்லை.

ஓய்வறையில் பூரணி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். ஆரோக்கியசாமி எதிரே உட்கார்ந்தார். மனசு ஆறவில்லை.

“அன்னைக்கே கையை எடுக்கச் சொல்லியிருக்கலாமே மேடம். உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும்.”

பூரணி கண்ணைத் திறக்கவில்லை.

“அன்னைக்கு நானும் உங்க தையலைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”