நானூறு கோல் தள்ளிய விளக்கு

கடலும் தங்கள் சொல்லுக்கு அடங்கும் என்று ராஜாக்கள் நம்பிய காலம் அது. துறைமுகப் பட்டினம் ஒன்றை ஆண்ட ராஜாவுக்கு, படுக்கையறை மாடத்திலிருந்தே கலங்கரை விளக்கத்தைப் பார்க்க ஆசை வந்தது. மந்திரி மழவராயர் சும்மா இருப்பாரா? பழைய விளக்கை இடித்து, தெற்கே நானூறு கோல் தள்ளி, அரண்மனைக்கு எதிரே புதிதாகக் கட்டிக்கொடுத்துப் பட்டாடை வாங்கிக்கொண்டார்.

மாலுமிகள் வழி பார்க்கும் கடல் படத்தை யாரும் நினைக்கவில்லை. அதில் ஒவ்வொரு பாறைக்கும் விளக்கிலிருந்துதான் தூரம் குறித்திருந்தது. அந்த மாதமே ஒரு கப்பல் பாறையில் மோதிப் பதினொரு பேர் செத்தார்கள். படம் எழுதும் சேந்தன் மனம் பொறுக்காமல், தூரங்களையெல்லாம் புதிய விளக்கிலிருந்து அளந்து திருத்தினான்.

"தங்கள் பாட்டனார் குறித்த எண்களை அழித்துவிட்டான், அரசே! ராஜத் துரோகம்!" என்றார் மழவராயர். சேந்தனின் வலது கையை வெட்டத் தீர்ப்பாயிற்று.

விகடகவி விடங்கனுக்குச் சேந்தன் உயிர் நண்பன். விடங்கன் கோமாளித்தனமெல்லாம் மறந்துபோய், நண்பனுக்காக ராஜாவின் காலில் விழுந்தான்.

"படத்தைத் தொடாமல், கப்பலைக் கடலில் இறக்காமல், அவன் செய்தது சரியென்று நாளை மதியத்துக்குள் காட்டு. இல்லையேல் கை போகும்" என்றார் ராஜா.

மறுநாள் ராஜா சாப்பிட வந்தார். கூடத்தில் இலையைக் காணோம். முற்றத்துக் குளத்தில் பரிசாரகர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மிதக்கும் வாழையிலையில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். சோறு தன் பாட்டுக்கு மூழ்கிக்கொண்டிருந்தது.

"என்னடா கூத்து இது?"

"தங்கள் பாட்டனார் வகுத்த பந்தி முறைதான், பிரபு. குத்துவிளக்குக்குத் தெற்கே பன்னிரண்டு அடியில் அரசருக்கு இலை. நான் ஓர் அடிகூட மாற்றவில்லை" என்றான் விடங்கன்.

ராஜா திரும்பினார். வடக்குச் சுவரோரம் இருக்கவேண்டிய குத்துவிளக்கு, கூடத்தின் தெற்கு விளிம்பில் எரிந்துகொண்டிருந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். "முட்டாளே, விளக்கை நகர்த்தியது யார்?"

விடங்கன் சிரிக்கவில்லை.

"பதினொரு வீட்டிலும் அதைத்தான் கேட்கிறார்கள், பிரபு."

ராஜாவின் சிரிப்பு நின்றது. மழவராயர் தலையைத் தொங்கப்போட்டார்.

"பழைய படங்கள் வேண்டாம். எல்லாக் கப்பலுக்கும் புதிய படம் எழுதுங்கள். இனி விளக்கு ஒரு கோல் நகர்ந்தாலும் படமும் மாறவேண்டும்" என்றார் ராஜா. பிறகு, கழுத்திலிருந்த முத்துமாலையில் கை வைத்தார். "உனக்கு என்ன வேண்டும், கேள்."

"சேந்தனுடைய வலது கை, பிரபு. உடம்போடு சேர்த்து."

ராஜா மறுபடி சிரித்தார். இந்த முறை அவர் கண்கள் நனைந்திருந்தன.