பேச்சித்தாயும் மருதமரமும்

ஆற்றங்கரை மருதந்தோப்புக்குள் ஒரு மடம் இருந்தது. அதன் குரு திலகவதி அம்மை. சீடர் இளையபெருமாள் அவரைவிட வயதில் மூத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வந்து சேர்ந்தவர். தோப்பில் எந்த மரத்தைக் காட்டினாலும் பெயர், பூக்கும் மாதம், பட்டையின் குணம் எல்லாம் சொல்லிவிடுவார்.

ஒரு வைகாசிக் காலையில் அவர் கேட்டார்.

"அம்மா, ஒரு மரத்தை முழுசா அறியறது எப்படி?"

அம்மை வாசல் பக்கம் பார்த்தார். வாசலில் ஒரு பெண் வந்து நின்றிருந்தாள்.

அக்கரையைச் சேர்ந்த பேச்சித்தாய். போன மாதம், காற்றே இல்லாத ஒரு நண்பகலில், மடத்துப் படித்துறை மருதத்தின் கிளை முறிந்து, கீழே படுத்திருந்த அவள் கணவன் மேல் விழுந்தது. அவன் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

"அந்த மரம் நிக்கக் கூடாதும்மா," என்றாள். "நான் தெனமும் ஆத்தைக் கடந்து அங்கனதான் ஏறணும்."

அம்மை சீடரிடம் திரும்பினார்.

"கோடரியை எடுத்துக்கிட்டு இவங்களோட போங்க. இவங்க காட்டுற இடத்துல முதல் வெட்டைப் போடுங்க. மிச்சத்துக்கு ஆள் வரச்சொல்லலாம்."

"அம்மா, அது நூறு வருஷத்து மரம்."

"போனவருக்கு நாற்பது வயசு."

படித்துறையில் ஆறு ஓடுவதே தெரியவில்லை. மருதம் பூத்திருந்தது. வெளிறிய பூந்துகள் ஓயாமல் உதிர்ந்து தண்ணீரில் மிதந்தது. அந்தத் தேன் வாசத்தில் கண் தானாகச் செருகியது. உயரே கிளை முறிந்த இடம் மட்டும் இன்னும் ஆறாமல் சிவந்திருந்தது.

"எங்கே வெட்டணும், சொல்லும்மா."

பேச்சித்தாய் அடிமரத்தைக் காட்டினாள். அவர் கோடரியை ஓங்கினார்.

"அங்க வேண்டாம். அவுக முதுகு சாய்ற எடம் அது."

பட்டை அங்கே வழவழத்திருந்தது. அவர் மறுபக்கம் போனார்.

"இந்த வேருல உக்காந்துதான் மொதமொதல்ல எங்கூடப் பேசினாக."

அவர் நகர்ந்தார். அவளும் நகர்ந்தாள். தூக்கத்தில் நடப்பவர்கள் போல இருவரும் மரத்தைச் சுற்றி வந்தார்கள். ஆற்றுப் பக்கம் வந்ததும் அவள் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஒன்னைய நம்பித்தானே கண்ணசந்தாக," என்றாள் மரத்திடம்.

குரல் உயரவில்லை.

"வெயிலுக்கு ஒதுங்கின மனுசன். விழுறதுக்கு முன்ன ஒரு சத்தம் குடுக்கத் தோணலையா ஒனக்கு?"

அடிமரத்தை உள்ளங்கையால் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். வெயில் சாயும்வரை ஏசினாள், கேட்டாள், அழுதாள். பக்கத்தில் ஒருவர் கோடரியோடு நிற்பதையே மறந்திருந்தாள். இளையபெருமாள் கோடரியைக் கீழே வைத்தார். தலையிலும் தோளிலும் பூ படிந்திருந்தது. தட்டிவிடத் தோன்றவில்லை.

பேச்சு ஓய்ந்ததும் அவள் ஆற்றில் முகம் கழுவினாள். ஈரக் கையை மரத்தில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு வேண்டாம்யா."

முழங்கால் தண்ணீரில் அக்கரைக்கு நடந்து போனாள்.

மடத்தில் அம்மை விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். சீடர் நடந்ததைச் சொன்னார்.

"இப்படி ஆகும்னு தெரிஞ்சுதான் அனுப்பினீங்களா?"

"இல்லை. இடம் காட்டியிருந்தா வெட்டித்தான் ஆகணும்."

"நாளைக்கு வந்து கேட்டா?"

"கோடரியை எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் கோடரியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"ஏம்மா, ஒரு மரத்துக்கிட்ட யாராவது இப்படிச் சண்டை போடுவாங்களா?"

அம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"சண்டை போடுற அளவுக்கு உங்களுக்கு எந்த மரத்தைத் தெரியும்?"