நாற்பதாவது புள்ளி

பயந்தாங்கொள்ளி என்று பெயரெடுத்தவரை யாராவது கண்ணிவெடி தேடும் கப்பலுக்கு அனுப்புவார்களா? திருமேனியை அனுப்பினார்கள். வயது நாற்பத்து நான்கு. இருபது வருஷம் பெரிய போர்க்கப்பல்களில் இருந்தவர். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். கூட இருந்தவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

புதிய கப்பலின் பெயர் வலம்புரி. இரும்பு கிட்டே வந்தாலே வெடிக்கிற குண்டுகளுக்கு நடுவே போக வேண்டிய கப்பல். அதனால் அதன் உடம்பைக் கண்ணாடி இழையால் செய்திருந்தார்கள். ஏறுகிறவர்கள் சாவிக்கொத்தைக்கூடக் கரையில் ஒரு மரப்பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். இருபத்தெட்டு வருஷ சேவையில் அது யாரையும் சுட்டதில்லை. முதலில் தான் போகும், பிறகு மற்றவர்களை வரச் சொல்லும், அவ்வளவுதான் அதன் பிழைப்பு. இனி ஒரே ஒரு வழி பாக்கி. அதையும் திறந்துவிட்டால் ஓய்வு.

சண்டை முடிந்த நீரிணை அது. அக்கரைத் தீவில் நானூறு பேர் ஐந்து மாதமாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை அவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் இந்த வழியாக வரும்.

திருமேனிக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சீஃப் பெர்க்மான்ஸ். தூத்துக்குடிக்காரர், சீடனைவிட எட்டு வயது இளையவர். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அது எதில் பட்டுத் திரும்புகிறது என்று திரையில் பார்த்து, கிடப்பது கல்லா குண்டா என்று சொல்வது அவர் வேலை. வலம்புரியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முக்குளிப்பவர் காசிம் இறங்கிக் கிட்டே போய்ப் பார்க்காமல் எதையும் கல் என்று எழுதக் கூடாது.

நாற்பதாவது புள்ளி திரையில் வந்தபோது மதியம் இரண்டு மணி.

"கல்லு. எழுதிக்கிடுங்கண்ணே," என்றார் பெர்க்மான்ஸ்.

திருமேனி பென்சிலை எடுத்தார். எழுதவில்லை.

"போன வருஷ வரைபடத்துலயும் அந்த இடத்துல கல்லுதான் போட்டிருக்கு."

"காசிமை இறக்கிப் பாத்துடலாமா, சீஃப்?"

"இன்னும் இருபத்திரண்டு புள்ளி கிடக்கு. நேரம் போகுதேண்ணே."

"தெரியுது. எனக்கு எழுதக் கை வரலை."

பெர்க்மான்ஸ் மேல்தளத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

காசிம் இறங்கினார். அவருக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். தண்ணீரின் மேல் வந்து உடையும் குமிழிகளையே எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது குண்டாக இருந்தால், அதன் பக்கத்தில் ஒரு மனுஷனை அனுப்பியது திருமேனிதான். கல்லாக இருக்கட்டும், கல்லாக இருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார். ஒரு தடவை குமிழிகள் நின்றன. அவருடைய மூச்சும் நின்றது. கொஞ்சம் தள்ளி மறுபடி கிளம்பின.

நாற்பது நிமிஷம் கழித்துக் காசிம் தலையைத் தூக்கினார்.

"வெறும் கல்லு. மேலெல்லாம் சிப்பி," என்றார்.

திருமேனிக்கு வெட்கமாகிவிட்டது. கீழே வந்து பென்சிலைத் தேடி எடுத்தார்.

"மன்னிச்சிடுங்க, சீஃப். என்னால நேரம் வீணாப் போச்சு. இந்தப் பயம் எப்பத்தான் போகும்?"

பெர்க்மான்ஸ் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தார்.

"நாலு மாசம் முந்தி, நீங்க வர்றதுக்கு முன்னால, வேற ஒரு வழியில பதினேழாவது புள்ளியைக் கல்லுன்னு எழுதிட்டேன். யாரையும் இறக்கலை. பழைய வரைபடத்துலயும் கல்லுதான இருக்குன்னு விட்டுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு கேப்டன் கேட்டாரு, பாத்தாச்சான்னு. திரும்பப் போனோம்."

"கல்லுதானே?"

"குண்டு. கல்லை ஒட்டிக் கிடந்துச்சு. அதுக்கு மேல நாலு தடவை போய் வந்திருந்தோம்."

"ஆடிப் போயிருப்பீங்க."

"இல்லைண்ணே. அன்னைக்கு மீன்குழம்பு. ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். தட்டைக் கழுவுறப்பதான் தோணுச்சு, என் கை ஏன் நடுங்கலைன்னு."

"அப்புறம்?"

"கேப்டன்கிட்ட போனேன். எனக்குப் பதிலா ஒரு ஆள் குடுங்க, பயப்படுற ஆளாப் பாத்துக் குடுங்கன்னு கேட்டேன். கப்பல் கப்பலா விசாரிச்சாங்க. எல்லாரும் ஒரே பேரைத்தான் சொன்னாங்க."

திருமேனி தன் கையைப் பார்த்தார். பென்சில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப இது போகவே போகாதா, சீஃப்?"

பெர்க்மான்ஸ் திரைக்கு முன்னாலிருந்த நாற்காலியை விட்டு எழுந்து, அதை அவர் பக்கம் திருப்பினார்.

"போகும்ணே. போன அன்னைக்கு நீங்களும் எந்திரிச்சிருங்க."