ஒன்றுமே நடக்காத மூன்று பயணங்கள்

எயினிக்கு அநியாயம் நடந்தது. செய்தவர்கள் எதிரிகள் அல்ல. அவளோடு ஒரே பானையில் பொங்கித் தின்ற முப்பத்தொன்பது வண்டிக்காரர்கள்தான். எப்படி நடந்தது என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

காடு பெரிதாகவும் பாதை சிறிதாகவும் இருந்த காலம் அது. கடலோரத்து உப்பு வணிகர்கள் கோடைதோறும் நாற்பது வண்டிகளில் உப்பை ஏற்றிக்கொண்டு மலைக்கு அப்பால் போவார்கள். உப்பைக் கொடுத்து நெல் வாங்கி வருவார்கள். அடுத்த கோடைவரை நாற்பது வீட்டுக்கும் அந்த நெல்தான் சோறு. உப்பு கரைந்தால் சோறும் கரைந்தது.

மூன்று கோடைகள் அந்த வண்டிகளை நடத்திப் போனவள் எயினி. கையில் ஓர் ஊதுகொம்பு, வாயில் மூன்று கட்டளை.

மெதுவான மாடு முன்னால் போக வேண்டும். கடைசி வண்டி வந்து நிற்கும்வரை யாரும் மாட்டை அவிழ்க்கக் கூடாது. காலையில் சக்கரத்துக் கடையாணியை அவரவர் பார்க்கக் கூடாது, அடுத்த வண்டிக்காரர்தான் வந்து பார்க்க வேண்டும்.

"ஏன், என் வண்டியைப் பார்க்க எனக்குக் கண் இல்லையா?" என்று கேட்பார்கள்.

"கண் இருக்கிறது. நேற்றுத்தானே பார்த்தோம் என்ற அசட்டையும் இருக்கிறது. அடுத்தவன் வண்டி என்றால் குறை கண்டுபிடிக்கவே ஆசையாகக் குனிவாய்" என்பாள் எயினி.

அது உண்மைதான். மூன்று பயணங்களிலும் ஒரு சக்கரம் கழலவில்லை. ஒரு மாடு தொலையவில்லை. ஒரு பிடி உப்பு நனையவில்லை. கடைசியில் அதுவே அவள் செய்த குற்றமாகிவிட்டது.

நான்காம் கோடையில் புறப்படுமுன் எல்லோரும் கூடினார்கள். வெண்ணி எழுந்தாள். அவள் நாக்கில் உப்பும் உண்டு, மிளகும் உண்டு.

"எயினி, மூன்று தடவை போனோம், வந்தோம். ஒன்றுமே நடக்கவில்லை. அதில் நீ என்னதான் செய்தாய், சொல்லு பார்ப்போம். நடந்தது மாடு, உருண்டது சக்கரம், நீ கொம்பு ஊதினாய். இதற்கு ஒரு தலைவியா?"

எயினி வாய் திறப்பதற்குள் கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்து முடித்தவர்கள் பதிலுக்கா காத்திருப்பார்கள்?

வெண்ணியின் தம்பி கோடனைத் தலைவனாக்கி, ஊதுகொம்பை அவன் கையில் கொடுத்தார்கள். நல்ல பிள்ளை. காளையின் திமில் போலத் தோள். சாய்ந்த வண்டியை ஒற்றை ஆளாக நிமிர்த்துவான். ஆபத்து என்று வந்தால் எதிரே நிற்க இப்படி ஓர் ஆள் வேண்டாமா என்றார்கள். எயினியின் வண்டிக்குக் கடைசி இடம், முப்பத்தொன்பது வண்டிகளின் புழுதியும் அவளுக்கே.

எயினிக்குப் புழுதி வலிக்கவில்லை. மூன்று கோடை பார்த்துப் பார்த்துச் செய்த வேலை, நன்றாகச் செய்த ஒரே காரணத்தால் யார் கண்ணிலும் படாமல் போயிற்றே, அதுதான் வலித்தது.

வண்டிகள் புறப்பட்டன. கட்டளை இல்லாத பயணம் முதலில் திருவிழா மாதிரி இருந்தது. வேகமான மாடுகள் பறந்தன, மெதுவான மாடுகள் பின்தங்கின. எல்லாருக்கும் பின்தங்கியது பூதன் கிழவரின் நொண்டி எருது. அதன் பெயர் புயல்.

"உன் காலத்தில் நான் முதல் வண்டி, எயினி. இப்போது நான் போய்ச் சேர்வதற்குள் குழம்பில் மீன் தீர்ந்துவிடுகிறது" என்றார் கிழவர்.

"என் தலைமை போனதில் உங்களுக்கு மீன்தான் கவலையா, பெரியப்பா?"

"இரண்டும்தான். மீன் கொஞ்சம் கூடுதல்."

மூன்றாம் நாள் ஒரு வண்டியின் சக்கரம் கழன்று ஓடியது. கோடன் பாய்ந்து வந்து தோள்கொடுத்துத் தூக்கினான். எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள்.

ஐந்தாம் நாள், சீக்கிரம் அவிழ்த்துவிட்ட மாடுகள் காட்டுக்குள் ஓடின. கோடன் துரத்திப் போய்க் கொம்பைப் பிடித்து இழுத்து வந்தான். இன்னும் பெரிய ஆரவாரம்.

வெண்ணி, எயினியின் வண்டிவரை நடந்தே வந்தாள். "பார்த்தாயா? தலைவன் என்றால் இப்படி இருக்க வேண்டும்."

"பார்த்தேன். யாராவது காலையில் அந்த ஆணியைப் பார்த்திருந்தால் உன் தம்பி தோளுக்கு ஓய்வு கிடைத்திருக்கும்."

"உனக்குப் பொறாமை."

"கொஞ்சம் இருக்கிறது. அதற்காக ஆணி இருந்தது என்று ஆகிவிடுமா?"

எட்டாம் நாள் பிற்பகலில் காட்டாற்றங்கரைக்கு வந்தார்கள். மணலில் முழங்கால் அளவுதான் தண்ணீர். ஆனால் மலையுச்சி கறுத்திருந்தது. மழை இறங்கினால் ஆறு பொங்கும், பத்து நாளைக்குக் கடக்க முடியாது. இந்தக் கரையில் ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. எதிர்க்கரையில் நாற்பது வண்டியும் நிற்கும்படி ஒரு பாறைக்குடைவு இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தால் உப்பு தப்பும்.

அவ்வளவுதான், ஆளுக்கு ஆள் முந்தினார்கள். ஒரு வண்டி போகும் துறையில் ஆறு வண்டிகள் இறங்கின. சக்கரத்தோடு சக்கரம் கோத்துக்கொண்டது. பின்னால் வந்தவர்கள், "நகரு, நகரு" என்று நெருக்கினார்கள். கோடன் ஒரு வண்டியைத் தூக்கி விடுவித்தான், இரண்டு மாட்டிக்கொண்டன. அந்த இரண்டைத் தூக்கினான், நான்கு மாட்டிக்கொண்டன. நாற்பது வண்டிக்கு அவனிடம் இருந்ததோ இரண்டே தோள். இரண்டு வண்டிகள் கவிழ்ந்தன. அந்த ஆற்று மீன்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடலைச் சுவைத்தன.

கோடன் கரையேறி, வரிசையின் கடைசிவரை மூச்சிரைக்க ஓடினான். எயினியின் முன் வந்து நின்றான்.

"அக்கா, தூக்கத் தூக்கச் சிக்குகிறது. எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்."

எயினியின் நாக்கு நுனியில் நல்ல நல்ல வார்த்தைகள் வந்து நின்றன. எட்டு நாளாகச் சேர்த்து வைத்தவை. ஒரு மூச்சு நேரம் அவற்றைச் சுவைத்தாள். பிறகு நாற்பது அடுப்புகளை நினைத்துக்கொண்டு அவற்றை விழுங்கினாள்.

"கொம்பைக் கொடு" என்றாள்.

ஊதினாள். பழகிய சத்தம், தலைகள் திரும்பின.

"யாரும் முன்னால் இழுக்காதீர்கள். கடைசி வண்டி முதலில் பின்னால் போகும்." சொல்லிவிட்டுத் தன் வண்டியையே முதலில் பின்னுக்கு நகர்த்தினாள். அடுத்து பூதன், அடுத்து அவருக்கு முன்னால் நின்றவர். நுனியிலிருந்து முடிச்சு அவிழ்வது போல நெரிசல் அவிழ்ந்தது.

"இனி ஒரு கொம்புக்கு ஒரு வண்டி. முதலில் புயல்."

வேகமான மாட்டுக்காரன் ஒருவன் துள்ளினான். "மழை வருகிறது, நொண்டி மாடு முன்னால் போவதா? என் மாடுகள் நொடியில் கடக்குமே."

"கடக்கும். அதனால்தான் அவை மூன்று தடவை கடக்கப் போகின்றன. அவிழ்த்துக்கொண்டு வந்து பெரியப்பா வண்டிக்கு முன்னால் பூட்டு. அக்கரையில் விட்டுவிட்டுத் திரும்பி வா."

கோடனை ஆற்று நடுவில் இருந்த குழியின் விளிம்பில் நிறுத்தினாள். "நீ எதையும் தூக்காதே. இங்கே நின்றால் போதும். உன்னைப் பார்த்தாலே குழி எங்கே என்று மாட்டுக்குத் தெரியும்."

வெண்ணி தானே முன்வந்து, "நான் யாருடைய ஆணியைப் பார்க்கட்டும்?" என்று கேட்டாள். இறங்கும் ஒவ்வொரு வண்டியையும் குனிந்து பார்த்தாள். ஆசையாகவே குனிந்தாள்.

ஒரு கொம்பு, ஒரு வண்டி. ஒரு கொம்பு, ஒரு வண்டி. மெதுவானவை முதலில், வேகமானவை பிறகு. கவிழ்ந்த இரண்டையும் வெறும் வண்டியாக இழுத்துக் கரை சேர்த்தார்கள். எயினி கடைசியாக இறங்கியபோது தண்ணீர் கலங்கிச் சிவந்து சக்கரத்தின் நடுக்குடம்வரை ஏறிவிட்டது. அவள் வண்டியின் அடி மூட்டைகள் பாதி கரைந்தே போயின. அவள் சக்கரம் கரை தொட்ட சற்றைக்கெல்லாம் ஆறு மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்தது.

பாறைக்குடைவில் கஞ்சி கொதித்தது. கவிழ்ந்த இரண்டு வண்டிக்கும், எயினியின் வண்டிக்கும், யாரும் சொல்லாமலே ஆளுக்கொரு கூடை உப்பு வந்து விழுந்தது. பூதன் கிழவர் அன்று முதல் ஆளாக உட்கார்ந்தார், இரண்டு துண்டு மீன் எடுத்துக்கொண்டார்.

வெண்ணி ஒரு கலயம் கஞ்சியோடு எயினியின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அன்றைக்குக் கேட்டேன், பதில் சொல்லவிடாமல் சிரித்தும்விட்டேன். இப்போது உண்மையாகவே கேட்கிறேன். அந்த மூன்று பயணங்களில் நீ என்னதான் செய்தாய்?"

எயினி ஈரக் கூந்தலைப் பிழிந்து முடிந்துகொண்டு சொன்னாள்:

"மூன்று பயணங்களில் என்னென்ன நடக்கவில்லையோ அத்தனையும் நான் செய்த வேலை, வெண்ணி, ஆபத்து வந்தபின் தோள் கொடுப்பவர் வீரர், அது வருமுன்னே தினந்தோறும் எல்லோரையும் ஓர் ஒழுங்கில் நடத்துகிறவரே தலைவர்."