மாடத்திக்குப் பசிக்கணும்

ஒரு ஊர்ல ஒரு குலவைக்காரி இருந்தா. குலவைன்னா தெரியும்ல? பொங்கப்பானை பொங்கி வழியும்போது பொம்பளைங்க நாக்கைச் சுழட்டி 'உலுலுலுலு'ன்னு போடுவாங்கள்ல, அதான். ஏய், நீ போடாதே. பக்கத்து வீட்டுக்காரன் கம்போட வந்து நிப்பான். பேசாம படு. பெரியம்மா சொல்றதுக்கு ம் மட்டும் போட்டா போதும்.

அவ பேரு மாடத்தி. ஆள் ஒல்லிக்குச்சி. ஆனா குலவை எடுத்தான்னா மரத்துல இருக்கிற கிளியெல்லாம் 'விர்ர்ர்'னு பறந்துரும். அந்த ஊர்ல அம்மன் கொடைக்கு, அதான் கோயில் திருவிழாவுக்கு, வரிசையா பொங்கப்பானை வைப்பாங்க. பானை பொங்கினதும் மொத குலவை மாடத்திதான் போடணும். அப்புறம்தான் மத்த பொம்பளைங்க சேந்துக்குவாங்க. வாக்கப்பட்டு வந்த வருஷத்துலேர்ந்து அப்படித்தான். வீட்டுல அவளை யாரும் கெட்டதா ஒரு வார்த்தை சொன்னதில்லை, நல்லதா ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. ஆனா அந்த ஒரு நாள் மட்டும் ஊரே அவ வாயைப் பாத்துக்கிட்டு நிக்கும். அதுல அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ம் போடு. போடலேன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்.

அப்படி இருக்கையில, கொடைக்குப் பந்தக்கால் நாட்டின மறுநாள் காலையில, கொல்லையில மேயற ஆட்டை விரட்டலாம்னு மாடத்தி வாயைத் திறக்கிறா, 'கிஸ்ஸ்... கிஸ்ஸ்'னு வெறும் காத்துதான் வருது. சத்தத்தைக் காணோம்! ஆடு அவளைத் திரும்பிப் பாத்துட்டு மறுபடியும் கீரையைத் தின்ன ஆரம்பிச்சுருச்சு. மாடத்திக்குத் திக்குன்னு ஆயிப்போச்சு. இன்னிக்கு சரியாப் போயிரும், நாளைக்கு சரியாப் போயிரும்னு பாத்தா, ஒண்ணும் சரியாகலை.

இப்ப ஒண்ணு சொல்றேன் கேளு. நம்ம உடம்புக்குள்ள மூணு பேரு குடியிருக்காங்களாம். காத்து ஒருத்தன், அவன் வாதம். நெருப்பு ஒருத்தி, அவ பித்தம். தண்ணி ஒருத்தி, கொஞ்சம் மந்தம் அவ, அவதான் கபம். அவங்கவங்க அளவுல இருந்தா மூணு பேரும் நல்ல பிள்ளைங்க. ஒருத்தர் துள்ளினா மத்த ரெண்டு பேரும் மல்லுக்கு நிப்பாங்க. இது அந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும்கிறதுதான் அங்க தொல்லையே. ஆளுக்கு ஒரு வைத்தியம் வச்சிருப்பாங்க.

மொதல்ல மாமியார் வந்தா. சொர்ணத்தாய்னு பேரு, நல்லவதான், ஆனா தான் சொன்னதுதான் சட்டம்கிற ஆளு. "ஏளா, உனக்கு உடம்பு சூடு. பித்தம் தலைக்கு ஏறி தொண்டையைக் காய வச்சிருச்சு. தலைக்கு எண்ணெய் தேச்சுக் குளி. வெந்தயத்தை ஊறவச்சுக் குடி. மோரா குடி"ன்னா.

சரின்னு மாடத்தி வீட்டு வேலையெல்லாம் முடிச்சுட்டு, நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, அவளே தேச்சு, அவளே சீயக்காய் அரைச்சுக் குளிச்சா. வெந்தயம், மோரு, இளநின்னு ஒண்ணையும் விடலை. அப்புறம் என்னாச்சு? 'அச்சூ! அச்சூ!' மூக்கு சளசளன்னு ஒழுகுது. தண்ணிக்காரி உள்ள குத்தவச்சு உக்காந்துட்டா. நெஞ்சுல 'கர் கர்'னு சளி. தொண்டையில மட்டும் சத்தம் இல்லை.

அப்போ பக்கத்து வீட்டு ஆவுடையம்மா எட்டிப் பாத்தா. "ஐயையே, சளி கட்டியிருக்குல்லா! யாரு உனக்கு மோர் குடிக்கச் சொன்னது? சுக்கு, மிளகு, திப்பிலி, தூதுவளை, எல்லாத்தையும் போட்டு கஷாயம் வச்சுக் குடி. நாலு வேளையும் குடி"ன்னா.

சரின்னு மாடத்தி வீட்டு வேலையெல்லாம் முடிச்சுட்டு, 'நங்கு நங்கு'ன்னு அவளே இடிச்சு, அவளே காய்ச்சி, காரமா குடிச்சா. சளி போச்சு. ஆனா நெருப்புக்காரி எந்திரிச்சுட்டாளே! வாயெல்லாம் புண்ணு. கண்ணு எரியுது, உள்ளங்கை எரியுது. கோவம் வேற. திட்டணும்னா சத்தம் வரலியா, சட்டியை 'டமார்'னு வைப்பா, கதவை 'படார்'னு சாத்துவா. பயலுக ரெண்டு பேரும் அம்மா பக்கமே போறதில்லை.

மூணாவதா வந்தது அவ புருஷன், வேலாண்டி. வாழைத்தோட்டத்துல வேலை பாக்கிறவன். பாவம், பொண்டாட்டிக்கு என்னமாவது பண்ணணும்னு அவனுக்கும் ஆசை. "எனக்குத் தெரிஞ்சு இது வாயு. வாயு ஏறி தொண்டையை அடைச்சுருச்சு. பூண்டு சுட்டுத் தின்னு, பெருங்காயம் தின்னு, விளக்கெண்ணெய் ஒரு கரண்டி குடி"ன்னான்.

சரின்னு மாடத்தி வீட்டு வேலையெல்லாம் முடிச்சுட்டு, அவளே பூண்டு சுட்டு, அவளே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு விளக்கெண்ணெயைக் குடிச்சா. அப்புறம் என்ன? வயித்துக்குள்ள 'கடமுடா கடமுடா'! கொல்லைக்கு ஓடுறா, வர்றா, திரும்ப ஓடுறா. சிரிக்காதே, உனக்குக் குடுத்தா தெரியும். காத்துக்காரன் உள்ள குதியாட்டம் போட்டுட்டு, அவளை ஈரத்துணி மாதிரி போட்டுட்டுப் போயிட்டான்.

இதுக்குள்ள கொடை நெருங்கிருச்சு. கோயில்லேர்ந்து ஆள் வந்து, "இந்தத் தடவை மொத குலவையை வேற யாரையாவது போடச் சொல்லட்டுமா?"ன்னு கேட்டான். மாடத்தி மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னாடி போய் உக்காந்து அழுதா. அழுகைக்குக்கூடச் சத்தம் வரலை. அது அவளுக்கு இன்னும் அழுகையா வந்துச்சு.

ம்? முழிச்சுதான் இருக்கியா? சரி.

வேலாண்டி அதைப் பாத்துட்டான். மனசு கேக்கலை. வண்டியைக் கட்டி, பொண்டாட்டியையும் அம்மாவையும் ஏத்திக்கிட்டு கோலப்பன் வைத்தியர்கிட்ட போனான். அந்த வைத்தியர் ஒரு சிடுமூஞ்சி. வாங்கன்னுகூடச் சொல்ல மாட்டார். மாடத்தி கையைப் பிடிச்சு மூணு விரலை வச்சு நாடி பாத்தார். மூஞ்சியைச் சுளிச்சார்.

"மூணும் தலைதெறிக்க ஓடுதே! என்னென்ன குடுத்தீரு வே?"ன்னார்.

மாமியார் கூரையைப் பாத்தா. வேலாண்டி தரையைப் பாத்தான்.

"போதும், ஒண்ணும் சொல்லாண்டாம்"னு சொல்லிட்டு, கொஞ்சம் அதிமதுரப் பொடியை மடிச்சுக் குடுத்தார். "தேன்ல குழைச்சு நாக்குல தடவணும். ஆனா இவளுக்கு நல்லாப் பசிச்சதும்தான் தடவணும். தடவின கையோட சுடுசோறு. பானையைத் திறந்து மொத அகப்பை இவளுக்குத்தான். அதுக்கு முந்தி யாரும் அந்தப் பானையைத் தொடப்படாது. பசி வராம குடுத்தா என் மருந்து மண்ணுதான்."

"இவளுக்கு எப்பப் பசிக்கும்?"னு கேட்டான் வேலாண்டி.

"அது எனக்கு எப்படிவே தெரியும்? அவகிட்ட கேளும்!"

வேலாண்டி திரும்பி, "ஏளா, உனக்கு எப்பப் பசிக்கும்?"னு கேட்டான்.

மாடத்தி யோசிச்சா. நல்லா யோசிச்சா. கடைசியில கிசுகிசுன்னு, "தெரியலியே"ன்னா.

நிசமாவே தெரியாது. காலையில மாமியாருக்குக் கஞ்சி, அப்புறம் பயலுகளுக்கு, அப்புறம் தோட்டத்துக்குத் தூக்குவாளி. மத்தியானமும் அதே வரிசை. பானையைக் கழுவப் போடணும், அதுல கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு, அப்ப அவ சாப்புடுவா. பானை கழுவுற நேரம்தான் அவ சாப்பாட்டு நேரம். பசி எப்பவோ வந்து பாத்துட்டு, யாரும் கவனிக்கலேன்னு போயிருக்கும். அவ எங்க கண்டா?

சரி, வீட்டுக்கு வந்தாங்க. மறுநாள் சோறு வடிச்சு, கங்கு மேல பானையை வச்சாச்சு. வேலாண்டி மாடத்தியைப் பலகையைப் போட்டு உக்கார வச்சான். வேலைக்கு எந்திரிச்சா பசியைக் கவனிக்க மாட்டாளேன்னு அசைய விடலை. தேன் கிண்ணத்தை வச்சுக்கிட்டு அவனும் முன்னாடி உக்காந்தான். "பசிக்கா?" இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு, "இப்ப?" இல்லை. வெயில் ஏறுது. மாமியாருக்குத் தாங்கலை. "ஏளா, இன்னுமா பசிக்கலை?"ன்னு வயித்தைத் தடவிக்கிட்டே கேக்குறா. மாடத்தி அந்த மூஞ்சியைப் பாத்தா. ஐயோ பாவம், அத்தை பட்டினியா இருக்காங்களேன்னு, "பசிக்கு"ன்னு தலையை ஆட்டிட்டா.

மருந்தைத் தடவி சோத்தைப் போட்டா, ரெண்டு வாய்க்கு மேல இறங்கலை. பசிச்சாத்தானே இறங்கும்? சத்தமும் வரலை.

அடுத்த நாளும் அதே கூத்து. அன்னிக்கு மாமியார் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா. ஆனா பயலுக ரெண்டு பேரும் வாசப்படியில மூஞ்சியைத் தொங்கப்போட்டு உக்காந்திருந்தானுக. மாடத்தி அவனுகளைப் பாத்தா. உடனே, "பசிக்கு." அன்னிக்கும் மருந்து மண்ணாப் போச்சு.

வேலாண்டிக்குக் கோவம் வந்துருச்சு. "நீ உன் வயித்தைப் பாத்துச் சொல்லலை. எங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்லுதே!"ன்னான். கோவமாத்தான் சொன்னான், ஆனா சொன்னதும் அவனுக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

மூணாவது நாள். மறுநாள் விடிஞ்சா கொடை. அன்னிக்கு வேலாண்டி பலகையைத் திருப்பிப் போட்டான். மாடத்தியை கொல்லையைப் பாத்து உக்கார வச்சான். முன்னாடி நார்த்தை மரம், கோழி ரெண்டு. வீட்டு ஆளுக எல்லாரும் அவ முதுகுக்குப் பின்னாடி. "யாரும் வாயைத் திறக்கப்படாது. நீயும் திரும்பப்படாது."

அவ உக்காந்திருந்தா. சும்மா. ஒரு வேலையும் இல்லாம. மொதல்ல கை பரபரங்குது. அப்புறம் கை அடங்குச்சு. காத்து லேசா அடிக்குது. பானையிலேர்ந்து சோத்து வாசனை வருது. வீடே அமைதி.

அப்போ, 'கொர்ர்ர்!'

"யாரு வயிறு அது?"ன்னு கேட்டான் வேலாண்டி.

"என்னுது"ன்னா மாமியார், வெக்கப்பட்டுக்கிட்டே.

இன்னும் கொஞ்ச நேரம் போச்சு. 'கொர்ர்ர்!'

"யாரு?"

"எனக்குத்தாம்ப்பா"ன்னான் சின்னப் பய.

மறுபடியும் அமைதி. கோழி 'கொக் கொக்'னு போகுது. அப்போ இன்னொண்ணு. மெதுவா ஆரம்பிச்சு, பெருசா, 'கொர்ர்ர்ர்ர்ர்!'

"யாரு?"

மாமியார் இல்லேன்னா. பெரியவன் இல்லேன்னான். சின்னவன் இல்லேன்னான். வேலாண்டி தன் வயித்தைத் தொட்டுப் பாத்தான், இல்லை.

மாடத்தி மெல்லக் குனிஞ்சு தன் வயித்து மேல கையை வச்சா. உள்ள சுள்ளுன்னு, சூடா, நல்லா உயிரோட ஒண்ணு கூப்புடுது. அவளுக்கு ஆச்சரியமா இருந்துச்சு. சிரிப்பு வருது, கண்ணுல தண்ணியும் வருது.

"எனக்குத்தான்! எனக்குத்தான் பசிக்கு!"

அந்தச் சத்தத்துல கோழி 'படபட'ன்னு சுவத்து மேல ஏறிருச்சு. ஆவுடையம்மா கரண்டியோட தெருவுக்கு ஓடி வந்துட்டா. கரகரப்புதான், ஆனா சத்தம்! அவ வயித்துலேர்ந்து வந்த அவ சத்தம்! வேலாண்டி தடுமாறி தேனைத் தடவுறான். மாமியாரே பானையைத் திறந்து, மொத அகப்பை சோத்தை ஆவி பறக்க மருமக இலையில போட்டா. மாடத்தி தின்னா பாரு, அப்படித் தின்னா. யாரு மூஞ்சியையும் நிமிந்து பாக்கலை.

குலவை போட்டாளான்னு கேக்குறியா? போடாம இருப்பாளா! மறுநாள் பானை பொங்கினதும் 'உலுலுலுலு'ன்னு எடுத்தா, கிளியெல்லாம் அடுத்த ஊருக்கே போயிருச்சு. அதை விடு. நான் சொல்ல வந்தது முந்தின நாள் மத்தியானம் நடந்தது.

மாடத்தி தின்னு முடிச்சாளா, அப்புறம் மாமியார் சாப்பிட்டா, பயலுக சாப்பிட்டானுக. எல்லாருக்கும் வேலாண்டிதான் பரிமாறினான். இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்னு அவனுக கேக்க, இவனும் போட்டுக்கிட்டே இருந்தான். எல்லாரும் எந்திரிச்ச பெறகு தனக்குப் போட்டுக்கலாம்னு பானைக்குள்ள கையை விட்டா, அடியில கொஞ்சம்தான் ஒட்டிக்கிட்டு இருக்கு. கங்கு எப்பவோ அணைஞ்சுருச்சு. சுரண்டி எடுத்து ஒரு வாய் வச்சான். குழம்புச் சட்டியும் வெறும் வண்டல்.

"ஏளா, சோறு சில்லுன்னு இருக்கே?"ன்னான்.

"ஆமா, அப்படித்தான் இருக்கும்"னா மாடத்தி.

கோவமெல்லாம் இல்லை. உள்ளதைச் சொன்னா, அவ்வளவுதான். வேலாண்டி தலையைக் குனிஞ்சுக்கிட்டு, அந்த ஆறின சோத்தை ஒரு பருக்கை மிச்சம் வைக்காம தின்னான். தின்னுட்டு, பானையை எடுத்துக்கிட்டு அவனே கழுவப் போனான்.

அவ்வளவுதான். கதை வயிறு ரொம்பிப் படுத்தாச்சு, நீயும் கண்ணை மூடு.