துடைத்து வைத்த திராட்சை

கம்பம் பக்கம், மலையடிவாரத்தில் முத்தரசி என்றொரு துறவி இருந்தார். வயது நாற்பதுதான். ஒரு பன்னீர் திராட்சைப் பந்தல், அதன் ஓரத்தில் ஓட்டுக் குடில், அவ்வளவுதான் அவருடைய மடம். உபதேசம் கேட்டு வருகிறவர்கள் கையில் முதலில் கத்தரிக்கோலைக் கொடுத்துவிடுவார்.

அங்கே சீடராக வந்து சேர்ந்தவர் சுருளியப்பன். அறுபத்து மூன்று வயது. முப்பது வருஷம் மருந்துக்கடை நடத்தியவர். போன ஆடியில் நெஞ்சு வலித்து, பிழைத்தது மறுபிறவி. அன்றிலிருந்து அவருக்கு ஒரே கவலை. இன்னும் எத்தனை வருஷம்? மனைவி காமாட்சியையும் கூடவே அழைத்து வந்திருந்தார்.

திராட்சைத் தோல் ரத்தக்குழாய்க்கு நல்லது, கொட்டை இதயத்துக்கு நல்லது என்று எங்கோ படித்திருந்தார். ஆகவே தினமும் காலையில் பன்னிரண்டு பழம். ருசிக்காகத் தின்றால்தானே? கொட்டையோடு கடித்து, முகத்தைச் சுளித்து, மேலே தண்ணீர் குடிப்பார். காமாட்சிக்கும் அதே பன்னிரண்டு, அதே தண்ணீர். அந்த அம்மாள் மகா பொறுமைசாலி.

ஒரு நாள் சுருளியப்பன் முத்தரசியிடம் வாய்விட்டே கேட்டுவிட்டார். “தாயி, ஆயுசக் கூட்ட என்ன வழி?”

“மொதல்ல இந்தக் கொத்துகள அறுங்கய்யா. காம்பப் பிடிச்சு அறுத்து, அப்படியே பெட்டியில வைங்க. மூணு மணிக்கு மதுரை வியாபாரியோட வண்டி வரும்” என்று சொல்லிவிட்டு முத்தரசி மோட்டார் போடப் போனார்.

கருநீலக் கொத்துகள். ஒவ்வொரு பழத்தின் மேலும் திருநீறு பூசியது போல மெல்லிய வெள்ளைப் படலம். சுருளியப்பனுக்குப் பகீரென்றது. பூச்சிமருந்து! இதையா ஜனங்கள் தின்கிறார்கள்? ஈரத்துண்டை எடுத்தார். நாலு பெட்டிப் பழத்தையும் ஒன்று விடாமல் துடைத்துப் பளபளவென்று ஆக்கி வைத்தார். அவர் பெருமை அவருக்கே தாங்கவில்லை.

திரும்பி வந்த முத்தரசி பெட்டிகளைப் பார்த்தார்.

“என்னய்யா செஞ்சீங்க?”

“மருந்தத் தொடச்சேன் தாயி.”

“அது மருந்து இல்லய்யா. பழம் தானா போத்திக்கிட்ட போர்வை. அது இருந்தா நாலு நாள் தாங்கும். தொடச்சுட்டா நாளைக்கே வாடிப்போகும். வியாபாரி தொடமாட்டாரு.”

சுருளியப்பனுக்கு முகம் செத்துப்போயிற்று. நல்லது செய்யப் போய், பழத்தின் ஆயுசையல்லவா குறைத்துவிட்டோம்!

முத்தரசி திட்டவில்லை. சிரித்தார். “தூக்குங்க பெட்டிய.”

ரோட்டோரப் புளியமரத்தடியில் பெட்டிகளை இறக்கினார்கள். களை எடுத்துவிட்டு வந்த பெண்கள், அருவிக்குப் போகிறவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரையும் முத்தரசி கைதட்டிக் கூப்பிட்டார். காமாட்சிதான் கொத்துக் கொத்தாக எடுத்துக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே தானும் ஒன்றை வாயில் போட்டார். பிறகு இன்னொன்று. சாறு முழங்கை வரை வழிந்தது. பக்கத்தில் நின்ற பெண் தன் மாமியாரைப் பற்றி என்னவோ சொல்ல, காமாட்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பத்து மாதம் ஆயிற்று என்பது சுருளியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

மூன்று பெட்டி காலி. நாலாவதன் மேல் அவர் கையை வைத்துக்கொண்டார்.

“தாயி, இதயாவது காப்பாத்துவோம். ஜாடியில போட்டு ஒயினாக்கிருவோம். அதுவும் நெஞ்சுக்கு நல்லதும்பாக. பக்குவமா வச்சா இருபது வருஷங்கூடக் கெடாதாம்.”

“செய்யலாமே” என்றார் முத்தரசி. “இருபது வருஷம் கழிச்சு?”

“கழிச்சு... தெறந்து குடிக்கலாம்.”

“யாரோடய்யா?”

சுருளியப்பன் திரும்பி, கூட்டத்தின் நடுவே சிரித்துக்கொண்டிருந்த காமாட்சியைப் பார்த்தார். பெட்டி மேலிருந்த கையை எடுத்துக்கொண்டார்.