அரண்மனையில் ஆட்டுக்கிடை

வெண்குன்றத்தில் இடம் குறைவு, ஆசை அதிகம். மலைமேல் கோட்டை, கோட்டைக்குள் ஊர். அதனால் ஒரு வீட்டின் தலைமேல் இன்னொரு வீடு கட்டி, மாடி மாடியாக விற்றுவிடுவார்கள். வாங்குவது சுலபம். கணக்குச் சாவடி ஓலையில் வாங்கியவர் பெயரை ஏற்றுவதற்குத்தான் ஏழு ஜென்மம் எடுக்க வேண்டும்.

பணியாரம் சுட்டு விற்ற காசில் ஒரு மாடியை வாங்கியிருந்தாள் பொம்மக்காள். கையில் கிரயப் பத்திரம் இருந்தது, அரண்மனை முத்திரையோடு. சாவடிக் கணக்கர் தாண்டவராயர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"வித்தவர் நேர்ல வந்து, வித்தேன்னு சொல்லணும்" என்றார்.

விற்ற குதிரை வியாபாரி வெளியூரில் இருந்தார். இன்று வருவார், நாளை வருவார் என்று அவள் காத்திருக்க, மனிதர் செத்தே போனார்.

"செத்தவரை நான் எங்கேயிருந்து கூட்டிட்டு வருவேன் சாமி?"

"அது உங்க பாடு."

அத்தோடு விட்டாலும் பரவாயில்லை. வியாபாரிக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. வாரிசில்லாத சொத்து அரண்மனைக்கு என்பது சட்டம். ஓலையில் இன்னும் அவர் பெயர்தானே? வீட்டைக் காலி செய்யச் சொல்லிச் சேவகர்கள் வந்துவிட்டார்கள். பொம்மக்காள் தலைவிரி கோலமாகச் சபைக்கு ஓடிவந்து அழுதாள்.

ராஜா குலசூடாமணி நல்லவர்தான். ஆனால் நியாயத்தைவிடச் சட்டம் பேசுவதில் அவருக்கு ருசி அதிகம். "ஓலையில யார் பேரோ, அவருக்குத்தான் வீடு" என்றுவிட்டார்.

சபையில் யோசனை சொல்லிப் பிழைக்கும் இடும்பனுக்குச் சுருக்கென்றது. பொம்மக்காள் பணியாரத்தில் வளர்ந்த வயிறு அது. கோபத்தை விழுங்கிக்கொண்டு எழுந்தான்.

"மகாராஜா, இந்தச் சட்டம் பொம்மக்காளுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். எனக்கும் சேர்த்து!"

"அது போதும்" என்று கும்பிட்டவன், நேரே சாவடிக்குப் போய்ப் பழைய ஓலைகளைப் புரட்டினான். அங்கிருந்து மலையடிவாரத்துக்கு இறங்கினான்.

மறுநாள் காலை ராஜா சபைக்குள் நுழைந்தால், 'மே' என்று வரவேற்பு. தூணுக்குத் தூண் ஆடு. ஒரு கிடா சாமரத்தை மென்றுகொண்டிருந்தது. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் தோளில் கம்பளியோடு ஓர் ஆள் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரடா இவன்?"

"சடையன், மகாராஜா. வீட்டுக்காரர்" என்றான் இடும்பன். "இவர் தாத்தாகிட்ட இடத்தை வாங்கித்தான் உங்க தாத்தா அரண்மனை கட்டினார். பத்திரம்கூட இருக்கு. ஓலையில பேரை மாத்தத்தான் யாருக்கும் தோணலை. அங்கே இன்னும் இவர் தாத்தா பேர்தான். அவருக்கு இவர் ஒரே வாரிசு."

ராஜாவின் மீசை துடித்தது. "தாண்டவராயரே! இப்பவே பேரை மாத்தும்!"

காலமெல்லாம் ஒரே பேச்சைப் பேசிப் பழகிய வாய். தானாகவே திறந்துகொண்டது. "வித்தவர் நேர்ல வரணுமே."

"அவர் செத்து எத்தனை காலமாச்சு!"

"அது உங்க பாடு."

சொல்லிவிட்டுத்தான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. தாண்டவராயர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சபையில் ஓர் ஆடுகூடக் கத்தவில்லை.

முதலில் சிரித்தவர் ராஜாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சபை ஓரத்தில் நின்ற பொம்மக்காளைப் பார்த்தபோது அவருக்கே வெட்கமாகிவிட்டது. "நேத்து நானும் இதைத்தானேம்மா சொன்னேன்" என்றார். இனி பத்திரம் பதிந்த அன்றே ஓலையிலும் பெயர் மாற வேண்டும் என்று ஆணை பிறந்தது. தம் முத்துமாலையைக் கழற்றி இடும்பன் கழுத்தில் போட்டார்.

தாண்டவராயர் எழுத்தாணியை எடுத்தார். முதல் பெயர் பொம்மக்காள். அவள் ஓலைமேல் குனிந்து நின்று, ஒவ்வொரு எழுத்தும் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அரண்மனையின் முறை அதற்கு அடுத்ததுதான்.

சிம்மாசனத்தில் உட்காரப் போன ராஜா, பாதியில் நின்று சடையனைப் பார்த்தார்.

"உட்காரலாமா?"

சடையன் கொஞ்சம் யோசித்தான். ஒரே நாளில் வீட்டுக்காரன் ஆனவனுக்கு அந்தக் குரல் எங்கிருந்துதான் வந்ததோ!

"உட்காருங்க சாமி. சுவத்துல மட்டும் ஆணி அடிச்சிடாதீங்க."